அமாவாசையில் புறப்பட்டவர்கள்

1989 நவம்பரில் ரொறன்ரோ ஸ்படைனா வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாலாம் மாடி. லிஃப்டில் துணிக்கட்டுகள்தான் போகும், நாங்கள் படியேறிப் போவோம். கனடாவுக்கு வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஊரில் அம்மாவின் சிங்கர் மெஷினில் சட்டை, பாவாடை எல்லாம் தைத்திருக்கிறேன் என்ற துணிவில்தான் போனேன். அங்கே மெஷின் கரண்டில் ஓடுகிறது. மிதியைத் தொட்டால் போதும், துணி கைக்குள் நிற்காமல் பறக்கிறது. முதல் நாள் பன்னிரண்டு கொலரைப் பாழாக்கினேன்.

சம்பளம் மணிக்கணக்கில் இல்லை, துண்டுக்கணக்கில். ஒவ்வொரு துணிக்கட்டோடும் ஒரு நீளமான அட்டை வரும். கொலர் தைக்க ஒரு துண்டு, கை பொருத்த ஒரு துண்டு, ஓவர்லொக் அடிக்க ஒரு துண்டு என்று அதில் கோடு போட்டுப் பிரித்திருக்கும். வேலை முடிந்ததும் நம்முடைய துண்டை வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டி, வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். முதல் கிழமை ஒட்டிக் கொடுத்தேன். சம்பள உறையில் மூன்று கட்டுக்கான காசு குறைந்திருந்தது. நான்தான் பிழையாக எண்ணியிருப்பேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டாம் கிழமையும் குறைந்தது.

பக்கத்து மெஷினில் இருந்தவர் ஒரு வியட்நாம் பெண். அதுவரை என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. அன்று மத்தியானம் தன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து விரித்து என் மெஷின்மேல் வைத்தார். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். திகதி, கட்டு இலக்கம், எத்தனை துண்டு, கீழே கோடு போட்டுக் கூட்டுத்தொகை. எழுத்து எள்ளுப் போலச் சின்னது, ஆனால் ஒரு வரியும் கோணவில்லை. "ஒட்டுவதற்கு முன்னால் எழுது" என்றார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இருநூறு முந்நூறு ஆங்கிலச் சொற்கள்தான், அதற்குள் இதைச் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என்னோடு அலுவலக அறைக்கு வந்து, என் புதுக் கொப்பியைத் திறந்து மேசையில் வைத்தார். "மறுபடி எண்ணுங்கள்." அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை, நின்ற இடத்தை விட்டு அசையவும் இல்லை. எண்ணினார்கள். பதினொரு டொலர் சொச்சம் என் கைக்கு வந்தது.

அவரைத்தான் நான் இங்கே அக்கா என்று எழுதப் போகிறேன். வியட்நாமிய மொழியில் வெறுமனே 'நான்', 'நீ' என்று பேசுவது குறைவு. எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று பார்த்து, அண்ணன், அக்கா, மாமி என்று முறை வைத்துத்தான் கதைப்பார்கள். அதனால் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே வயது. அவர் பிறந்தது 1960, நான் 1965. "அப்படியென்றால் நீ எம்" என்றார். எம் என்றால் இளையவள். மூத்தவளுக்கு அவர்கள் சொல் 'சி'. அது எங்கள் வாயில் வந்தால் ஆளை வெறுத்துத் தள்ளும் சொல்லாகிவிடும், எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருடமாக நான் அவருக்கு எம், அவர் எனக்கு அக்கா.

1991இல் ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. அப்பாவுக்கு விடியற்காலையில் படைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். காத்தோட்டிக்காய்க்கு இந்த ஊரில் எங்கே போவது, வாழைக்காயும் பயற்றங்காயும்தான். சாப்பாட்டு நேரத்தில் அக்காவும் வழக்கத்தை விடப் பெரிய ஒரு பொதியை அவிழ்த்தார். வாழையிலை. உள்ளே ஒட்டும் அரிசியில் தோல் நீக்கிய பயறு போட்டு அவித்த சோறு. பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்து, "இன்று என் அண்ணனின் நாள்" என்றார். யோ என்று அவர்கள் சொல்வது எங்கள் திவசம்தான். அதையும் திகதி பார்த்துச் செய்வதில்லை, பிறை பார்த்துத்தான் செய்கிறார்கள். நான் என் பொதியைக் காட்டி, "எனக்கு அப்பாவின் நாள்" என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தோம்.

பிறகு கேட்டேன், அண்ணன் எப்படிச் செத்தவர் என்று.

"தெரியாது. 1978இல், ஆறாம் மாதத்தின் கடைசி இரவு படகில் ஏறினான். இது புறப்பட்ட நாள். வேறு நாள் எங்களிடம் இல்லை."

ஏன் அந்த இரவு என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் பருத்தித்துறை ஆள். ஒளித்துப் போகிறவர்கள் நிலவில்லாத இரவில்தான் கடலில் இறங்குவார்கள். வருடந்தோறும் அமாவாசையை ஒட்டி அந்த மக்களுக்குள் எத்தனை வீட்டில் இப்படித் திவசம் வரும் என்று அன்று மெஷினுக்குத் திரும்பிய பிறகும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்று என் மனதில் இன்னொன்றும் இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

அவர்களுடைய கதையை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. பத்து வருடச் சாப்பாட்டு நேரங்களில் துண்டு துண்டாக வந்தது. 1975 ஏப்ரல் 30 சைகோன் வீழ்ந்தது. பழைய அரசோடும் படையோடும் தொடர்புள்ளவர்களை மறுகல்வி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். சிலர் மாதக்கணக்கில் இருந்து வந்தார்கள், சிலர் பத்து வருடத்துக்கு மேல். நகரத்துக் குடும்பங்களைப் 'புதிய பொருளாதார வலயம்' என்று காட்டுப் பக்கம் அனுப்பினார்கள். அக்காவின் தகப்பனுக்குச் சைகோனின் சோலோன் பகுதியில் துணிக்கடை. 1978 மார்ச்சில் தனியார் வியாபாரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது கடைக்குள் அதிகாரிகள் வந்து இருந்துகொண்டு, சரக்கை முழம் முழமாக அளந்து எழுதினார்களாம். அதே நேரத்தில் கம்போடிய எல்லையில் சண்டை. அண்ணனுக்கு இருபத்தொரு வயது, படைக்கு ஆள் பிடிக்கும் வயது. அவனை முதலில் அனுப்பினார்கள். ஒரு ஆளுக்குத்தான் தங்கம் இருந்தது.

தங்கம் என்றால் தாள் மாதிரித் தட்டிய தங்கம். ஒரு 'காய்' முப்பத்தேழரை கிராம், எங்கள் கணக்கில் நாலே முக்கால் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த வருடம் மிச்சக் குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப் பாட்டியின் காப்பு வரை போனது.

நான் கேட்டது வேறு கேள்விகள். படகு எத்தனை அடி? அடிப்பக்கம் எப்படி? ஆழம் எவ்வளவு? எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு வள்ளம் செலுத்தத் தெரியாது, ஆனால் ஒரு வள்ளத்தைக் கண்டால் கடலுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லத் தெரியும். அப்பாவின் தகப்பன் பாய்க்கப்பலில் பர்மா வரை போய் வந்தவர். அக்கா துணி வெட்டக் குறிபோடும் வெண்கட்டியால் ஒரு துணித்துண்டில் படகைக் கீறிக் காட்டினார். நாற்பத்தைந்து அடி. ராச்யா என்ற ஊரில், மேக்கொங் வாய்க்கால்களில் நெல் ஏற்றும் படகு. அடி தட்டையானது. பக்கப் பலகை தண்ணீரிலிருந்து ஒரு முழம் உயரம்கூட இல்லை. அதில் நூற்றிருபது பேர்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது ஆற்றுக்கான படகு. தட்டையான அடி சின்ன அலைக்கே பக்கவாட்டில் உருளும். பாரம் மேலே நின்றால் இன்னும் மோசம், அதனால்தான் எல்லோரையும் கீழே நெல் வைக்கும் பள்ளத்தில் ஒருவர் காலுக்குள் ஒருவராக இருத்தி மேலே பலகை போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குப் பதிலாகச் சீனியும் தேசிக்காயும். பிள்ளைகள் அழாமல் இருக்கத் தூக்க மருந்து. இரண்டாம் நாள் இயந்திரம் நின்றது. மூன்றாம் நாள் தாய்லாந்துப் பக்கமிருந்து வந்த மீன்பிடிப் படகொன்று பக்கத்தில் அணைந்தது. மணிக்கூடு, மோதிரம், அம்மாவின் தங்கப் பல். அதற்குமேல் அக்கா சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. 1981இல் மட்டும் தாய்லாந்துக் கரைக்கு வந்து சேர்ந்த 452 படகுகளில் 349 படகுகளைக் கடற்கொள்ளையர் தாக்கியிருந்தார்கள், சராசரியாக ஒரு படகை மூன்று முறை. வந்து சேர்ந்த படகுகளைத்தான் எண்ண முடியும். 1975இலிருந்து இருபது வருடத்தில் வேறு நாட்டுக் கரைகளைப் படகில் அடைந்த வியட்நாமியர் எட்டு இலட்சத்துக்குக் கிட்ட. அண்ணனின் படகு எந்தக் கணக்கிலும் இல்லை.

அக்காவின் படகு 1979 மே மாதம் மலேசியாவின் திரெங்கானுக் கரையைக் கண்டது. அந்த மாதங்களில் மலேசியக் கடற்படை பல படகுகளைத் திருப்பி இழுத்துக்கொண்டுபோய் ஆழ்கடலில் விட்டது. இவர்களை விடவில்லை. கரையிலிருந்து தெரியும் புலாவ் பிடோங் என்ற தீவில் இறக்கினார்கள். ஒரு சதுர கிலோமீற்றர் அளவு நிலம், பெரும்பகுதி மலை. 4,500 பேருக்கென்று 1978 ஆகஸ்டில் திறந்த முகாம். 1979 ஜூனில் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 40,000. உடைந்த படகுப் பலகை, அரிசிச் சாக்கு, நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, இவற்றை வைத்து இரண்டு தட்டு, மூன்று தட்டாக வீடு கட்டியிருந்தார்கள். மலைமேல் ஒரு விகாரையும் ஒரு தேவாலயமும். கடற்கரையில் தையற்கடை, பாண் சுடும் அடுப்பு, பல் பிடுங்குகிற ஆள். ஒலிபெருக்கி நாள் முழுக்கப் பெயர் வாசிக்கும். ஒருவருடைய பெயர் வந்தால் சுற்றியிருப்பவர்கள் அழுவார்களாம், மகிழ்ச்சியிலும் பொறாமையிலும்.

பங்கீடு சில நாளுக்கு ஒருமுறை: அரிசி, நூடில்ஸ், மீன் பேணி, சீனி, உப்பு. அக்காவுக்கு எழுத்து நன்றாக இருந்ததால் தங்கள் படகுக்காரரின் கணக்கை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வயது. யார் வீட்டில் எத்தனை தலை, எத்தனை பேணி, யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பால்மா. ஒரு பேணி குறைந்தால் ஒரு குழந்தைக்குக் குறையும். விநியோக மேசையின் முன்னால் நின்று 'மறுபடி எண்ணுங்கள்' என்று சொல்லப் பழகியது அங்கேதான். அதைக் கேட்ட அன்று எனக்கு அந்தப் பதினொரு டொலரின் வரலாறு விளங்கியது.

அந்த முகாம் 1991 அக்டோபரில் மூடப்பட்டபோது, அந்தச் சின்னத் தீவு வழியாக இரண்டரை இலட்சம் பேர் போயிருந்தார்கள். நாங்கள் ஸ்படைனாவில் கொலர் தைத்துக்கொண்டிருந்த அதே வருடம்.

கனடா அவர்களை எப்படி எடுத்தது என்பதை எங்கள் ஆட்கள் அறிந்திருக்க வேண்டும். 1978 நவம்பரில் ஹாய் ஹொங் என்ற பழைய கப்பல் இரண்டாயிரத்து ஐந்நூறு பேரோடு மலேசியக் கடலில் நின்றது, இறங்க விடவில்லை. அவர்களில் 604 பேரை எடுக்கக் கனடா ஒத்துக்கொண்டது. 1979 ஜூலையில் பிரதமர் ஜோ கிளார்க்கின் அரசு ஐம்பதாயிரம் பேர் என்று அறிவித்தது. அதைவிட முக்கியம் அவர்கள் வைத்த கணக்கு: பொதுமக்கள் ஒருவரைப் பொறுப்பெடுத்தால் அரசு இன்னொருவரை எடுக்கும். ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, ஒரு வருடத்துக்கு வீடு, சாப்பாடு, உடுப்புக்குப் பொறுப்பு நின்றால் போதும். ஒட்டாவாவில் நகர முதல்வர் மரியன் டூவார் நாலாயிரம் பேரை எங்கள் ஊரே எடுக்கும் என்றார். ரொறன்ரோவில் பேராசிரியர் ஹவார்ட் அடெல்மன் வீட்டில் கூடிய ஒரு சின்னக் கூட்டம் நாடு முழுக்கப் பரவிய இயக்கமானது. 1979, 80 இரண்டு வருடத்தில் வந்தவர்கள் 60,000 பேர். பாதிக்கு மேல் இப்படிப் பொதுமக்கள் பொறுப்பெடுத்து அழைத்தவர்கள்.

அக்காவின் குடும்பம் 1980 ஜனவரியில் மொன்றியல் இராணுவ முகாமில் இறங்கியது. குளிர்கோட்டும் சப்பாத்தும் கொடுத்து, ஒன்ராறியோவில் ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஐந்து பேர் நின்றார்கள். ஒரு பால்பண்ணைக்காரர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு தாதி, ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். ஐந்து பெயரும் அக்காவின் பழைய கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. நான்கு பெயருக்குப் பக்கத்தில் இப்போது திகதியும் இருக்கிறது. இறந்த நாள். அந்த நாட்களில் அவர்களுக்கும் ஊதுபத்தி கொளுத்துகிறார்.

இனி 1986. அந்த வருடம் ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீன்பிடிக்காரர்கள் கண்டு காப்பாற்றினார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே வருடம் நவம்பரில் ஐ.நா. அகதிகள் ஆணையம், அகதிகளுக்கு உதவியவர்களுக்குக் கொடுக்கும் தன் நான்சன் பதக்கத்தைக் 'கனடிய மக்களுக்கு' கொடுத்தது. ஒரு நாட்டு மக்கள் முழுப்பேருக்கும் அது கொடுக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எங்கள் 155 பேரை எல்லோரும் வரவேற்கவில்லை. அவர்கள் சொன்ன பயணக் கதை உண்மையில்லை, ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் நிறையப் பேர் கோபப்பட்டார்கள். ஆனால் திருப்பி அனுப்பவில்லை. ஏன் என்றால், அதற்கு முதல் ஏழு வருடமாக அந்த நாட்டின் சிற்றூர்களில் படகில் வந்த ஒரு குடும்பம் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறது. பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். படகில் வருகிறவர் என்றால் யார் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. இது என் முடிவு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேறுபாடும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. அவர்களை அழைத்து வந்தார்கள், நாங்கள் வந்து நின்று கேட்டோம். எங்கள் வழக்குகளுக்கு நேரில் விசாரணை என்ற உரிமையை வாங்கித் தந்தது 1985இல் உச்சநீதிமன்றத்தின் சிங் தீர்ப்பு, அதற்கு வழக்குப் போட்ட சீக்கியர்களுக்குத்தான் நன்றி. ஆனால் கதவு என்று ஒன்று திறந்து பழகியிருந்தது. திறந்து பழகியது அவர்களால்.

வியட்நாமியர் என்ன செய்தார்கள் என்று கேட்டால் பெரிய பெயர்கள் உண்டு. 1977இல் படகில் டார்வின் துறைமுகத்துக்கு வந்த ஹியூ வான் லே தெற்கு அவுஸ்திரேலியாவின் ஆளுநராகவே இருந்தார். கிம் ஃபுக், வியட்நாம் போரின் அந்தப் புகழ்பெற்ற படத்தில் எரிந்துகொண்டு ஓடிவந்த சிறுமி, 1992இல் விமானம் எண்ணெய் நிரப்ப இறங்கிய நியூபவுண்ட்லாந்தின் கேண்டரில் கணவரோடு இறங்கித் தஞ்சம் கேட்டார், பிறகு போரில் காயப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு நிதியம் தொடங்கினார். எங்கள் 155 பேரைக் கரைசேர்த்த அதே தீவு. செனட்டர் தான் ஹாய் இங்கோ கொண்டுவந்த சட்டத்தால் 2015இலிருந்து ஏப்ரல் 30 இங்கே வியட்நாமிய அகதிகளை நினைவுகூரும் ஒரு தேசிய நாள். பெயர்கள் இன்னும் நீளும்.

எனக்கு முதலில் தோன்றுவது மேசைகள்தான். தையல் மேசை, ஃபோ என்ற நூடில்ஸ் சூப் விற்கும் கடையின் அடுக்களை மேசை, நகம் பூசுகிற மேசை. நகத் தொழில் எப்படி அவர்கள் கைக்கு வந்தது தெரியுமா? 1975இல் கலிபோர்னியாவில் அகதிப் பெண்கள் இருந்த ஒரு முகாமுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் உதவிக்குப் போனார். அந்தப் பெண்கள் அவருடைய நகங்களைப் பார்த்து வியந்தார்கள். அவர் தன் நகப் பூச்சுக்காரியை அழைத்துவந்து இருபது பெண்களுக்குப் பழக்க வைத்தார். அங்கிருந்து அமெரிக்கா முழுக்க, பிறகு கனடா வரை. அதிகம் ஆங்கிலம் தேவைப்படாத தொழில், சின்ன முதலோடு தொடங்கலாம், ஒருத்தி பழகினால் தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் தொழிற்சாலை 1999இல் மூடப்பட்டபோது அக்காவும் அதற்குத்தான் போனார். பதினெட்டு வருடம். இரசாயன வாசனையில் இருமல் வந்தது, விரல் நுனி வெடித்தது. கடன் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போனார்கள். மூத்தவள் இப்போது மருந்தாளர். எங்கள் சனமும் நிறைய அவளிடம்தான் மாத்திரை வாங்குகிறது, "எப்படி இருக்கிறீங்கள் அம்மா" என்று தமிழில் கேட்பாள். அது என்னிடம் பழகியது.

2015 செப்டம்பரில் அந்தச் சிரியக் குழந்தை துருக்கிக் கரையில் கிடந்த படம் வந்த இரவு அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். அழவில்லை. "எம், நாலு பேர் இருக்கிறோம். ஐந்தாவது கையெழுத்து வேண்டும்." அந்த வருடம் வியட்நாமியக் கனடியர்கள் ஊர் ஊராக இப்படிக் கூடினார்கள். முப்பத்தாறு வருடத்துக்கு முதல் தங்களுக்கு ஐந்து பேர் நின்றது ஒருவரும் மறக்கவில்லை. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் வியட்நாமியர், ஒரு போர்த்துக்கீசப் பெண், நான். பழைய தையல் தொழிற்சாலை ஆட்கள். முப்பதாயிரம் டொலருக்குக் கிட்டச் சேர்க்க ஐந்து மாதம் எடுத்தது. 2016 பெப்ரவரியில் விமான நிலையத்துக்குப் போனோம். ஆறு பேர் குடும்பம். கண்ணாடிக் கதவு திறந்து அவர்கள் வெளியே வந்ததும் அக்கா முன்னால் போய் ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து எண்ணினார். ஆறு. கோட்டுகளைப் போட்டுவிட்டு மறுபடி ஒருமுறை எண்ணினார். அந்த வீட்டுத் தாய்க்கு முதலில் விளங்கவில்லை, பிறகு அவரும் சேர்ந்து அரபியில் எண்ணத் தொடங்கினார்.

2025 ஏப்ரல் 30, சைகோன் வீழ்ந்து ஐம்பது வருடம். அங்கே பெரிய அணிவகுப்பு. அந்த நாட்டுக்கு அது வெற்றி நாள், இங்கே இருப்பவர்களுக்குக் கறுப்பு ஏப்ரல். எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் 30க்கும் மே 18க்கும் இடையில் பதினெட்டு நாள்தான். முள்ளிவாய்க்காலில் முடிந்ததைக் கொழும்பு எப்படிக் கொண்டாடியது என்று பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பதினெட்டு நாளுக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். சாமித்தட்டில் பாட்டி, தகப்பன், தாய், கோணத்தில் அண்ணனின் படம். இருபத்தொரு வயதுப் பெடியன், தலைமயிரை நெற்றியில் விழவிட்டு, சட்டைப் பொத்தான் ஒன்று திறந்து. எங்கள் எல்லோருக்கும் வயது போய்விட்டது, அவனுக்குப் போகவில்லை. அவன் படத்தின் முன்னால் ஒரு கிண்ணம் சோறு, ஒரு சோடி குச்சி. அக்கா திவசக் கொப்பியை எடுத்து வைத்திருந்தார், எல்லோருடைய நாளும் பிறைக் கணக்கில் எழுதியிருப்பது. தாயார் எப்படி அந்த நாளை முடிவு செய்தார் என்று அன்றுதான் சொன்னார். மூன்று வருடம் செஞ்சிலுவைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நாலாவது வருடம் ஒரு காலையில் எழுந்து, "பிள்ளை பசியோடு இருப்பான், எனக்கு ஒரு நாள் வேண்டும்" என்று அடுப்பை மூட்டியிருக்கிறார்.

என் தம்பியைப் பற்றி அக்காவுக்குத் தெரியும். 1991 அமாவாசையில் நான் சொல்லாமல் விட்டது அதுதான். அப்போது அவன் காணாமல் போய்ப் பத்து மாதம். சைக்கிளில் வேலைக்கென்று போனவன். அம்மா கடைசி வரைக்கும் அவனுக்குப் படைக்க விடவில்லை. படைத்தால் செத்தவனாகிவிடுவான் என்றார். 2014இல் அம்மா போனபோதுதான் அக்காவிடம் முழுவதும் சொன்னேன். அதன் பிறகும் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு வைப்பேன், தம்பிக்கு வைப்பதா என்று கை தயங்கும்.

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினார். "எம், தம்பி எந்த நாள் புறப்பட்டான்?"

"1990. சரஸ்வதி பூசையன்று காலை."

மகள் கைபேசியில் தேடி, அவர்கள் கணக்கில் எட்டாம் மாதத்தில் அது எந்த நாள் என்று பார்த்துச் சொன்னாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அண்ணனின் பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு, தம்பியின் பெயரை எழுத்தெழுத்தாக என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.